பதில் எழுதினவள்

சால்வோருக்கு அந்த ஊரில் இரண்டு வேலை. ஒன்றுக்குச் சம்பளம் உண்டு, இன்னொன்றுக்குக் கிடையாது.

சம்பளம் உள்ளது மீன் ஆலையில். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசைமேல் தோலுரித்த காட் மீன் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். வெளிச்சத்தில், சதைக்குள் சுருண்டு கிடக்கிற புழு பழுப்பு நூலாகத் தெரியும். அதைக் கத்தி நுனியால் கிள்ளி எடுக்க வேண்டும். நாற்பத்திரண்டு வருஷமாக அதே மேசை, அதே வேலை. அவள் கையைத் தாண்டிப் போன துண்டில் புழு இருந்ததாக எந்த நாட்டிலிருந்தும் ஒரு புகார் வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. இருக்க வேண்டியதுதானே.

சம்பளம் இல்லாத வேலையை வீட்டில், அடுப்படி ஜன்னலோரம் உட்கார்ந்து செய்வாள். ஸ்கார்ஃபாவிக் ஊருக்கென்று ஃபேஸ்புக்கில் ஒரு குழு இருக்கிறது. அதில் நானூற்றுப் பத்துப் பேர். ஊரில் இருப்பதே நானூறு பேர்தான். மிச்சப் பத்துப் பேர் தலைநகரான ரெய்க்யவிக்குக்குக் குடிபோயும் ஊர் வம்பை விட மனசில்லாதவர்கள். ஒற்றைக் கையுறை கிடந்தது, சாம்பல் பூனையைக் காணோம், சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கேக் விற்பனை என்று யாராவது எழுதுவார்கள். எழுதி இரண்டு நிமிஷம் ஆகாது, கீழே சால்வோர் வந்து நிற்பாள். ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் நிற்கிற இடத்துக்குத் தகுந்தபடி வால் மாற்றிக்கொள்கிற மொழி அது. சால்வோர் பிடிப்பது அந்த வாலைத்தான். 'பூனை இங்கே இப்படி வராது. வேற்றுமை தவறு. அன்புடன், சால்வோர்.' அந்த அன்புடனை மட்டும் ஒருநாளும் விடமாட்டாள்.

பாதிரியார் ஒரு சாவு அறிவிப்புப் போட்டபோது, முதல் வரியில் அனுதாபம் சொல்லிவிட்டு இரண்டாம் வரியில் திருத்தம் போட்டாள். அதன்பிறகு பாதி ஊர் எழுதுவதையே நிறுத்திவிட்டது. வெறும் கையுறைப் படம் போடுவார்கள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதில் என்னத்தைத் திருத்த?

கெட்ட மனசு என்று சொல்ல முடியாது. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஆலைக்கு வந்தவள். மொழிப்பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அவளிடம் ஊரே ஒப்புக்கொண்ட ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான். அதை எங்கே வைப்பாள் பாவம்.

"நீ மீனையே பாக்குறதில்ல, புழுவை மட்டும்தான் பாக்குற" என்பான் அவள் புருஷன் பியார்ட்மார்.

"அதுக்குத்தான் சம்பளம்."

"வீட்ல யாரு தர்றா?"

"உலகத்துல இந்த மொழியைப் பேசுறதே நாலு லட்சம் பேர். அவனவன் இஷ்டத்துக்கு எழுதினா அம்பது வருஷத்துல ஒண்ணும் மிஞ்சாது. யாராவது ஒருத்தர் பாத்துக்க வேணாமா?"

"பாத்துக்கோ, பாத்துக்கோ" என்று எழுந்து ஆடுகளிடம் போய்விடுவான். எழுபது ஆடு வைத்திருந்தான். அவை எதுவும் எழுதுவதில்லை.

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை. மலைமேலிருந்து ஊர் ஆடுகளை எல்லோரும் சேர்ந்து இறக்கிக் காதில் வெட்டியிருக்கும் அடையாளம் பார்த்துப் பிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பியார்ட்மாருக்கு ஒரு தாயாடும் இரண்டு குட்டிகளும் மட்டும் இறங்கி வரவில்லை. பனி விழுவதற்குமுன் பார்த்துவிட வேண்டும் என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்குக் காலையில் உலர்மீனையும் வெண்ணெயையும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு, கம்பளிச் சட்டைக்குமேல் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு, நாய் ஸ்குக்கியைக் கூப்பிட்டான்.

"மூணு மணிக் காப்பிக்கு வந்துடறேன்."

"எந்தப் பக்கம் போற?"

"ஆடு எந்தப் பக்கம் போச்சோ, அந்தப் பக்கம்."

சொல்லிச் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினான். சிவப்பு வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. சால்வோர் தலையைத் தூக்கவில்லை. பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருத்தி குழுவில் கேக் விற்பனை பற்றி நீளமாக எழுதியிருந்தாள். ஆசிரியையே இப்படி எழுதினால் என்ன செய்வது என்று அவளுக்கு வயிற்றெரிச்சல்.

மத்தியானம் ஒரு மணிக்கு மாவைப் பிசைந்து, பின்னல் பணியாரத்துக்குக் கீறிப் பின்னிக்கொண்டிருந்தாள். போன் டிங்கென்றது. குழுவில் யாரோ 'விதாஸ் வி.' என்று ஓர் ஆள். முகத்துக்குப் பதில் மோட்டார் சைக்கிள் படம். நாலு வரி எழுதியிருந்தான். முதல் வரியிலேயே இரண்டு தப்பு. கடவுளே, மூன்றாவது வரியில் கதவு என்கிற வார்த்தையை அவன் என்ன பாடுபடுத்தியிருந்தான்! மாவுக் கையோடு, ஒற்றை விரலால் தட்டினாள். நாய் இங்கே இந்த வடிவத்தில் வராது. கதவு நம் மொழியில் எப்போதும் பன்மை. 'நின்றாள்' இல்லை, 'நின்றது'. மூன்று திருத்தம். அன்புடன், சால்வோர்.

எண்ணெய் காய்ந்து இரண்டு ஈடு பணியாரம் எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பதிவைக் காணோம். அழித்துவிட்டிருந்தான். திருத்தி எழுதி மறுபடி போடுவான் என்று நினைத்துக்கொண்டாள். நல்ல பையனாக இருப்பான் போல.

இரண்டு மணிக்குமேல் காற்று வடக்குக்குத் திரும்பியது. மழை பனிமழையாகி, ஜன்னலில் ஈரப் பஞ்சு மாதிரி அப்பிக்கொண்டது. மூன்று மணிக்குக் காப்பி போட்டாள். மூன்றரைக்கு அது ஆறிப்போனது. போன் போட்டால் ஆள் எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது. மலைமேல் எப்போதும் அப்படித்தான். ஆனால் பியார்ட்மார் காப்பிக்குத் தாமதமாக வருகிற ஆளில்லை. முப்பத்தொரு வருஷத்தில் தாமதமாக வந்ததில்லை. நாலு மணிக்குப் போனை எடுத்து ஹுக்ரூனைக் கூப்பிட்டாள்.

ஹுக்ரூன் வார நாளில் மீன் ஆலையில் மேற்பார்வை. ஆபத்து நாளில் ஊர் மீட்புக் குழுவுக்குத் தலைவி. ஐந்தே நிமிஷத்தில் ஆளுயரச் சக்கரம் வைத்த ஜீப் வாசலில் வந்து நின்றது. ஹுக்ரூன் பூட்ஸோடு அடுப்படிக்குள் வந்தாள்.

"மலையில எந்தப் பள்ளத்தாக்கு?"

"தெரியல."

"தெரியலன்னா? மூணு பள்ளம் இருக்கு சால்வோர். எருதுப் பள்ளம், வெள்ளைப் பள்ளம், பூதப் பள்ளம். மூணுக்கும் மூணு ரோடு, ஒவ்வொண்ணும் முப்பது கிலோமீட்டர். எங்கிட்ட ஆறு பேரும் ஒரு ஜீப்பும் இருக்கு. வெளிச்சம் இன்னும் ஒன்றரை மணி நேரம். சீட்டு எங்க?"

ஆட்டைத் தேடி மலைக்குப் போகிறவன் எந்தப் பக்கம் போகிறான், எப்போது திரும்புவான் என்று ஒரு சீட்டில் எழுதி அடுப்படிக் கதவில் குத்திவிட்டுப் போக வேண்டும். அந்தப் பக்கத்தில் அது சட்டம் மாதிரி. எவ்வளவு அவசரமானாலும் எழுதாமல் போகமாட்டார்கள்.

"சீட்டு இல்ல" என்றாள் சால்வோர்.

"பியார்ட்மாரா? சீட்டு எழுதாமலா? அவன் அப்பன் பனியில மாட்டிக்கிட்டு ரெண்டு விரலை இழந்தவன். அவனா எழுதாம போனான்?"

சால்வோர் மேசையைப் பார்த்தாள். சொல்லாமல் தீராது.

"முன்னெல்லாம் எழுதுவான். நான்... நான் திருத்துவேன். சிவப்புப் பென்சில்ல. சும்மா வேடிக்கைக்குத்தான் ஹுக்ரூன். சாயங்காலம் வந்து பாத்துட்டுச் சிரிப்பான். போன வருஷத்துலேர்ந்து எழுதுறதை விட்டுட்டான். வாயால சொல்லிட்டுப் போறேன்னான்."

ஹுக்ரூன் வெறும் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி. இன்னிக்கு யாராவது அந்தப் பக்கம் போயிருக்காங்களா? யாராவது எதையாவது பாத்தாங்களா? குழுவுல கேட்டுப் போடறேன்" என்று ஹுக்ரூன் போனை எடுத்தாள். "வண்டியையோ, நாயையோ..."

சால்வோருக்குச் சுரீரென்றது. நாய். நாய் என்று யாரோ எழுதியிருந்தார்கள். தப்பாக எழுதியிருந்தார்கள்.

"ஒருத்தன் போட்டிருந்தான்! ஒரு மணிக்கு. நாய்னு இருந்துது. கதவுன்னு இருந்துது. நின்னுதுன்னு இருந்துது."

"என்ன நின்னுது? எங்க?"

சால்வோர் கண்ணை இறுக்கி மூடினாள். அந்த மூன்று வார்த்தையும் எழுத்து எழுத்தாகக் கண்முன் நின்றன. எந்த எழுத்து எங்கே பிசகியிருந்தது என்றுகூடச் சொல்லியிருப்பாள். மற்றபடி நாலு வரியும் வெறும் வெள்ளையாக இருந்தது.

"இடத்தோட பேரு இருந்துதா?"

"இருந்திருக்கும்."

"என்ன பேரு?"

"ஞாபகம் இல்ல."

"உனக்கா ஞாபகம் இல்ல? நான் பத்து வருஷத்துக்கு முன்னாடி எழுதின தப்பை இன்னும் சொல்லிக் காட்டுறியே!"

"அதைச் சரியா எழுதியிருந்தான் ஹுக்ரூன்" என்றாள் சால்வோர். "சரியா எழுதினது எனக்கு ஞாபகம் இருக்காது."

ஹுக்ரூன் திட்டவில்லை. நேரமில்லை.

"யாரு போட்டது?"

"விதாஸ்னு ஓர் ஆள். யாருன்னு தெரியல. மோட்டார் சைக்கிள் படம்."

"விதாஸைத் தெரியலயா? நம்ம ஐஸ் அறையில வேலை பாக்குறான்டி! லித்துவேனியாக்காரன். ரெண்டு வருஷமா நீ வேலை பாக்குற மேசைக்கு ஐஸ் தள்ளிக்கிட்டு வர்றவன் அவன்தான்."

சால்வோருக்கு ஐஸ் வண்டி தெரியும். அதைத் தள்ளுகிற நீலக் கையுறைகள் தெரியும். அதற்குமேல் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"போன் எடுக்க மாட்டேங்கிறான்" என்றாள் ஹுக்ரூன். "சனிக்கிழமை நாலு மணி, குளத்துலதான் இருப்பான். ஊரே அங்கதான் இருக்கும். நீ ஓடு. நான் ஆளுங்களைச் சேத்து ஜீப்பை அங்க கொண்டாறேன்."

நீச்சல் குளம் நாலு வீடு தள்ளித்தான். சால்வோர் மாவு ஒட்டின ஏப்ரனோடு, கோட்டை மேலே போட்டுக்கொண்டு ஓடினாள். ஐம்பத்தெட்டு வயது, கணுக்கால் அளவு ஈரப்பனி. உடைமாற்றும் அறை வழியாகப் புகுந்து, பூட்ஸோடு நேரே திறந்தவெளித் தொட்டிப் பக்கம் போய்விட்டாள். குளத்துக் காவல் ஓட்டார் கண்ணாடிக் கூண்டிலிருந்து பாய்ந்து வந்தான்.

"சால்வோர்! பூட்ஸ்! பூட்ஸைக் கழட்டு! சோப்புப் போட்டுக் குளிக்காம யாரும் உள்ள வரக் கூடாதுன்னு எழுதியே போட்டிருக்கேன். நீதான் அதுலயும் ஒரு தப்புக் கண்டுபிடிச்ச!"

"கொஞ்சம் வாயை மூடு ஓட்டார்."

வெந்நீர்த் தொட்டியில் ஆறேழு தலைகள் ஆவிக்கு நடுவே தெரிந்தன. பனி விழுவதால் இரண்டு பேர் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"விதாஸ் யாரு?"

ஓரத்தில் ஒரு தலை மட்டும் மோவாய் வரைக்கும் தண்ணீருக்குள் இறங்கியது. நாற்பது வயதிருக்கும், செம்பட்டைத் தாடி.

"நீதானா?"

"போஸ்ட் இல்லை. நான் அழிச்சாச்சு" என்றான் அவன் அவசரமாக. "முடிஞ்சான்."

"அதுக்கு வரலப்பா. அதுல என்ன எழுதியிருந்த? அதைச் சொல்லு."

அவன் ஆங்கிலத்தில் ஏதோ ஆரம்பித்தான். சால்வோருக்கு ஆங்கிலம் மீன்பெட்டிமேல் அச்சடித்திருக்கிற அளவுக்குத்தான். கையை ஆட்டினாள்.

"நம்ம பாஷையில சொல்லு."

"வேணாம். நான் பேசினா தப்பு வருவான். உனக்குப் பிடிக்க மாட்டாள்."

தொட்டியில் யாரோ களுக்கென்று சிரித்து நிறுத்திக்கொண்டார்கள். சால்வோர் ஈரத் தரையில் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"தப்பு வரட்டும். எல்லாத்தையும் தப்பாவே சொல்லு. என் புருஷன் மேல இருக்கான். காலையில போனவன் இன்னும் வரல. எந்தப் பள்ளம்னு யாருக்கும் தெரியல. நீ எதையோ பாத்திருக்க. சொல்லுப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

விதாஸ் எழுந்து நின்றுவிட்டான். உடம்பெல்லாம் ஆவி பறந்தது.

"சிவப்பு வண்டி, உன் புருஷனா?"

"ஆமா!"

"கருப்பு நாய், மூஞ்சி வெள்ளை?"

"ஆமாம்ப்பா, ஸ்குக்கி!"

"பூதப் பள்ளம். ரெண்டு பாலம் தாண்டி. நான் கடைக்குப் போயி வந்தாள், பன்னெண்டு மணி. வண்டி நின்னாள், கதவு திறந்து. ஆள் இல்லை. நான் கூப்பிட்டாள். நாய் எங்கிட்ட வந்தான், அப்புறம் மேலே ஓடினான், திரும்ப வந்தான், திரும்ப ஓடினான். ஆத்துக்கு இடது பக்கம். பெரிய பிளந்த கல் இருக்கான், அங்க. நான் கொஞ்சம் போனேன். எனக்கு நல்ல செருப்பு இல்லை. பனி வந்தான். நான் நெனச்சேன், ஊருக்குக் கேப்போம், வண்டி யாரு, நாய் யாரு. அதான் எழுதினாள்."

சால்வோர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். பூதப் பள்ளம், இரண்டாம் பாலம், இடது பக்கம், பிளந்த கல்.

"அதை ஏம்ப்பா அழிச்ச?" என்றாள். குற்றம் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரித்தான் கேட்டாள்.

விதாஸ் அவளை வியப்பாகப் பார்த்தான்.

"நீ பதில் எழுதினாய். அப்ப நீ படிச்சாச்சுன்னு நான் நெனச்சது. ஒருத்தர் படிச்சாச்சு, இனி ஊர் போய்ப் பாக்கும். என் தப்பு மட்டும் அங்க நிக்கறான், எல்லாரும் பாக்கறான். அதான் அழிச்சேன்."

சால்வோருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் சொன்னதில் என்ன தப்பு? பதில் எழுதினவள் படித்திருப்பாள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

"நான் படிக்கலப்பா" என்றாள்.

வெளியே ஜீப்பின் ஹாரன் விடாமல் அடித்தது. விதாஸ் தொட்டியை விட்டு வெளியே ஏறினான். "நானும் வரான். இடம் நான் காட்டணும். கல் நிறைய இருக்கான் அங்க." ஓட்டார் பூட்ஸை மறந்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு அவன்பின்னால் ஓடினான், உடைமாற்றும் அறையில் தன்னுடைய தடித்த பூட்ஸைக் கழற்றி அவன் காலில் மாட்டிவிட்டான். ஈரத் தலையோடு ஜீப்பில் ஏறினவன் தலையில் ஹுக்ரூன் ஒரு கம்பளித் தொப்பியை அமுக்கினாள். பனிக்குள் ஜீப் மறைந்தது.

மீட்புக் குழுவின் கொட்டகையில் எப்போதும் ஒரு பெரிய காப்பிக் குடுவை கொதித்துக்கொண்டிருக்கும். சால்வோர் பணியாரத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அங்கே உட்கார்ந்தாள். ரேடியோவில் கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. ஐந்து மணியிருக்கும், ஒரு பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மஞ்சள் தலைமுடி, கையில் ஒரு பாத்திரம். விதாஸின் மனைவி டாலியா.

"உருளைக்கிழங்கு" என்று பாத்திரத்தைக் காட்டினாள். "சூடா. அவங்க வந்தா பசிக்கும்."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சால்வோருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஊரில் யாரைப் பார்த்தாலும் ஏதாவது சொல்ல இருக்கும் அவளுக்கு.

"உன் புருஷன் என்னைப் பத்தி வீட்டுல ஏதாச்சும் சொல்லியிருப்பானே" என்றாள் கடைசியில்.

டாலியா கொஞ்சம் யோசித்தாள். "சொன்னான். அந்தப் புழு எடுக்குற அம்மா ரொம்பக் கெட்டிக்காரி. அவ முன்னாடி வாயைத் திறக்காதேன்னான்."

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமா."

சால்வோர் ஒரு பணியாரத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள். டாலியா அதைத் தின்றாள். அதன்பிறகு இருவரும் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாகி, நீலமாகி, மங்கிக்கொண்டே வந்தது. சால்வோர் மனசுக்குள் ஒரே ஒரு வேண்டுதல்தான். அவன் வரட்டும், எப்படியாவது வரட்டும், உடைந்து வந்தாலும் சரி.

ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தபோது ரேடியோ திடீரென்று தெளிந்தது. ஹுக்ரூன் குரல்.

"சால்வோர் அங்க இருக்காளா? ஆள் கிடைச்சாச்சு! உயிரோட இருக்கான், பேசுறான். கணுக்கால் உடைஞ்சிருக்கு. கல்லு இடுக்குல, ஆட்டையும் குட்டிகளையும் மேல இழுத்துப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கான். நாய் கொண்டுபோய் நேரா அங்க விட்டுது. கேக்குதா?"

"கேக்குது" என்றாள் சால்வோர். சத்தம் வரவில்லை. மறுபடி, "கேக்குது! எப்படி இருக்கான்?"

"திட்டுறான். ஏன்டா இவ்வளவு நேரம்னு எங்க எல்லாரையும் திட்டுறான்."

"திட்டுறானா?" சால்வோர் சிரிக்க ஆரம்பித்தாள். "திட்டுறானாம்! அப்ப நல்லாத்தான் இருக்கான்!" சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு நடுவில் அது அழுகையாகிவிட்டது. டாலியாவைப் பிடித்துக் கட்டிக்கொண்டாள். யார் யாரைத் தாங்கிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை, இருவரும் அந்தச் சின்னக் கொட்டகையில் ஆடிக்கொண்டு நின்றார்கள். போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அன்றைக்கு அது அவள் உள்ளங்காலில் புகுந்து உச்சிவரை ஏறியதை அவளால் உணர முடிந்தது. அப்படிப் பசித்தது அவளுக்கு. டாலியாவின் உருளைக்கிழங்கில் பாதியை அவளே நின்றபடி தின்று தீர்த்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் ஆட்டுக்கறிச் சூப். நூல்கோலும் காரட்டும் போட்டு, பெரிய பானை நிறைய. பியார்ட்மார் கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஹுக்ரூன், மீட்புக் குழுவில் இன்னும் இரண்டு பேர், ஓட்டார், விதாஸ், டாலியா. அந்த அடுப்படி அத்தனை பேரை ஒன்றாகப் பார்த்து வருஷக்கணக்காயிற்று. சால்வோர் திருத்துவாளே என்று பயந்து அந்த வீட்டு மேசையில் யாரும் ரொம்ப நேரம் பேசமாட்டார்கள், அவ்வளவுதான் விஷயம்.

பியார்ட்மாருக்கு வலி மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதனால் அன்றைக்கு அவனுக்குப் பேச்சு தாராளமாக வந்தது.

"குட்டி ரெண்டும் பாறை விளிம்புல நிக்குது. ஆத்தாக்காரி கீழே நின்னு கத்துது. ஒண்ணைத் தூக்கி இறக்கிட்டேன். ரெண்டாவது உதைச்சுது பாரு, ரெண்டு பேருமா சேந்து விழுந்தோம். அதுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் படக்குன்னு கேட்டுது. அப்புறம் பனி. சரி, இனிமே ஆட்டைக் கட்டிக்கிட்டுப் படுக்க வேண்டியதுதான்னு படுத்துட்டேன். ஈரக் கம்பளி நாத்தம் இருக்கே, அப்பா! கல்யாணமான புதுசுல இவகூட என்னை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கல."

"வெக்கங்கெட்ட மனுசா" என்றாள் சால்வோர் கரண்டியை ஓங்கிக்கொண்டு. எல்லாரும் சிரித்தார்கள்.

"அது கிடக்கட்டும்" என்றான் பியார்ட்மார். "என்னை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு இன்னும் எவனும் முழுசாச் சொல்லல. ஆளாளுக்கு ஒரு துண்டு சொல்றீங்க. விதாஸ், நீ சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு."

விதாஸ் கரண்டியை வைத்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். டாலியா அவனை முழங்கையால் இடித்தாள்.

"நான் கடைக்குப் போயி வந்தாள்" என்று ஆரம்பித்தான். "ரெண்டு பாலம் தாண்டினாள். வண்டி நின்னாள்..."

ஹுக்ரூனின் கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. ஓட்டார் சூப்புக்குள் எதையோ தேடினான். பியார்ட்மார் கூரையைப் பார்த்தான். பிறகு ஒவ்வொருவராக மெல்லச் சால்வோர் பக்கம் திரும்பினார்கள். விதாஸும் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

சால்வோருக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. பொய் சொல்வானேன், நன்றாகவே வந்துவிட்டது. கரண்டியைப் பானையில் போட்டாள். விருந்தாளிகள் சாப்பிடும்போது ஒருநாளும் உட்காராதவள், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பியார்ட்மார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம்..." விதாஸ் விழித்தான். "அப்புறம் நாய் வந்தான்."

"எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தான்?"

"மேலேர்ந்து. ஆத்துப் பக்கம்."

"அப்புறம்?"

அவன் சொல்லத் தொடங்கினான். முதலில் மெதுவாக, பிறகு கையை ஆட்டி, பிறகு எழுந்து நின்று, நாய் ஓடினதை ஓடியே காட்டினான். ஆணும் பெண்ணும் அஃறிணையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு விழுந்தன. யாரும் அதைக் கவனிக்கவில்லை. கதையின் முடிவு எல்லாருக்கும் தெரியும். அது பக்கத்தில் உட்கார்ந்து நூல்கோலை மென்றுகொண்டிருந்தது. அப்படியும், வண்டியின் கதவு திறந்து கிடந்ததை அவன் சொன்னபோது சால்வோர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"நான் பெரிசா கூப்பிட்டாள்" என்றான் விதாஸ். "ஹோய்! ஹோய்! யாரும் பதில் இல்லை."

சால்வோரின் கை மேசைக்கடியில் துழாவிப் போய்ப் பியார்ட்மாரின் முழங்காலை அழுத்திப் பிடித்தது.

"ஐயையோ, அந்தக் கால்! கட்டுப் போட்ட கால்டி அது!"

மேசை அதிரச் சிரித்தார்கள். டாலியாவுக்குச் சூப்புப் புரையேறியது. சால்வோர் கையை எடுக்கவில்லை.

"நீ சும்மா இரு. குறுக்கே பேசாத" என்றாள். "நீ சொல்லு விதாஸ். யாரும் பதில் சொல்லல. அப்புறம்?"